டென்வர், மாலை 6:18: பக்கக் காற்றில் ஒரு டேக்-ஆஃப்

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் திருத்தி, திரும்பத் திரும்பச் சொன்னதை வெட்டி இங்கே போட்டிருக்கேன். பேச்சுத் தமிழ் அங்கங்கே அப்படியே இருக்கும், பொறுத்துக்கோங்க.)

யூடியூபில் ‘கிராஸ்விண்ட்’னு தேடிப் பாருங்க. நண்டு மாதிரி சாய்ந்து சாய்ந்து வந்து, கடைசி நொடியில் நிமிர்ந்து ரன்வேயைத் தொடும் விமானங்களா வரும். பார்க்கவே பதைபதைக்கும். ஆனா அதில் பெரும்பாலானவை லேண்டிங் வீடியோ. பக்கக் காற்றில் கிளம்புற விமானத்தை யாரும் பெருசா படம் எடுக்கறதில்லை. கிளம்புறதில் என்ன இருக்கு, வேகம் பிடிச்சா ஏறிடும், அப்படித்தான் நானும் நினைச்சிட்டு இருந்தேன், ஒரு விசாரணை அறிக்கையைப் படிக்கிற வரைக்கும்.

அந்த அறிக்கை 2008 டிசம்பர் 20, சனிக்கிழமை நடந்த ஒரு விபத்தைப் பற்றியது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னாடி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் சர்வதேச விமான நிலையம். கான்டினென்டல் ஏர்லைன்ஸின் 1404ஆம் விமானம் ஹியூஸ்டனுக்குக் கிளம்பத் தயாரா நிற்குது. போயிங் 737-500, 737 வரிசையில் குட்டையான மாடல்களில் ஒண்ணு, மொத்த நீளமே 31 மீட்டர்தான். உள்ளே 110 பயணிகள், 5 ஊழியர்கள். மடியில் உட்கார்ந்திருந்த கைக்குழந்தைகளும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

மாலை 6:18. இருட்டிவிட்டது. வடக்கு பார்த்த 34 ரைட் என்ற ரன்வே. டவரிலிருந்து அனுமதி வருது: காற்று 270 டிகிரியிலிருந்து, 27 நாட், கிளம்பலாம். 270ன்னா மேற்கு. வடக்கு பார்த்து ஓடுற விமானத்துக்கு அது கிட்டத்தட்ட நேர் இடது பக்கம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், அதனால் 27 நாட்ன்னா 50 கிலோமீட்டர் வேகக் காற்று. பலமான காற்றுதான், ஆனா அந்த நிறுவனம் தன் 737 விமானிகளுக்கு வெச்சிருந்த பக்கக் காற்று அளவு 33 நாட். உள்ளேதான் இருக்கு. கேப்டன் கிளம்பினார்.

விமானம் வேகம் பிடிச்சுட்டு இருக்கும்போதே மூக்கு இடது பக்கம் திரும்ப ஆரம்பிச்சது. ரன்வேயை விட்டு இறங்கி, புல்தரையில் ஓடி, ஒரு டாக்ஸிவேயையும் ஒரு சர்வீஸ் ரோட்டையும் தாண்டிப் போய் நின்றது. வலது பக்கம் தீப்பிடிச்சது. பயணிகள் இடது பக்கக் கதவுகள் வழியா வெளியே வந்தாங்க. கேப்டனுக்கும் ஐந்து பயணிகளுக்கும் பலத்த காயம், இன்னும் 41 பேருக்குச் சிறு காயம். யாரும் சாகவில்லை.

யாரும் சாகாத விபத்து சீக்கிரம் மறந்து போயிடும். எனக்கு மறக்காததுக்குக் காரணம் அந்தக் காற்று. விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளின காற்றோட வேகம் உச்சத்தில் 45 நாட்னு பின்னாடி கணக்குப் போட்டாங்க. மணிக்கு 83 கிலோமீட்டர். கேப்டனுக்குச் சொன்ன 27 எங்கே, இந்த 45 எங்கே? நடுவில் இருந்த 18 நாட் எங்கே தொலைஞ்சது?

அதைச் சொல்றதுக்கு முன்னாடி நூறு வருஷம் பின்னாடி போகணும். ஏன்னா ஒரு விமானம் பக்கக் காற்றில் கிளம்பணும்ங்கிற கட்டாயமே ஆரம்பத்தில் கிடையாது.

1903 டிசம்பர் 17. வட கரோலினாவின் கடற்கரை மணல். ரைட் சகோதரர்கள் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரத் தண்டவாளம் போட்டாங்க. எந்தத் திசையில்? காற்று எங்கேயிருந்து வருதோ அந்தத் திசையில். எதிர்காற்று மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேலே. இறக்கைக்குத் தரை வேகம் முக்கியமில்லை, அதன்மேல் ஓடுற காற்றோட வேகம்தான் முக்கியம். காற்றே எதிரே வந்து பாதி வேலையைச் செஞ்சு கொடுத்துடும். 12 நொடி, 36 மீட்டர், வரலாறு. பாடப் புத்தகத்தில் இதோட நிறுத்திடுவாங்க. அன்னிக்கே நாலாவது தடவை பறந்து இறக்கி வெச்ச பிறகு ஒரு பலமான காற்று அடிச்சு, தரையில் சும்மா நின்ன அந்த விமானத்தைப் புரட்டிப் போட்டுடுச்சு. ஃப்ளையர் அதுக்கப்புறம் பறக்கவே இல்லை. தூக்கிவிட்ட காற்றே அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ளே உடைச்சும் போட்டது.

அடுத்த வருஷம் ஒஹாயோவில், டேட்டனுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு மேய்ச்சல் நிலத்தில் தொடர்ந்தாங்க. அங்கே காற்று குறைவு, அதனால் தண்டவாளம் நீளமா வேணும். கஷ்டப்பட்டு நீளமா போட்டு முடிக்கிறதுக்குள்ளே காற்று திசை மாறிடும். பிரிச்சு மறுபடி போடணும். வெறுத்துப் போய்தான் 1904 செப்டம்பரில் கோபுரம் கட்டி, எடையை மேலேயிருந்து விழவிட்டு, கயிற்றால் விமானத்தை இழுத்துவிடுற ஏற்பாட்டைச் செஞ்சாங்க. அப்போ தண்டவாளம் குட்டையா இருந்தாலே போதும், காற்று திரும்பினா திருப்பி வெச்சுக்கலாம்.

காற்று திரும்பினா நாமும் திரும்பணும். முதல் முப்பது நாற்பது வருஷத்துக்கு விமான உலகத்தின் விதி இதுதான். அந்தக் கால விமான நிலையங்களில் பலவும் பெரிய புல்வெளிதான். பாதைன்னு கோடு எதுவும் இல்லை. நடுவில் ஒரு காற்றுப் பை பறக்கும், அது எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குன்னு பார்த்து, அதுக்கு எதிரா விமானத்தைத் திருப்பி ஓட வேண்டியது. பக்கக் காற்றுங்கிற பிரச்சினையே வராது. (1909இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த ப்ளேரியோவின் விமானத்தில் முன் சக்கரங்கள் நாற்காலிச் சக்கரம் மாதிரி தானே திரும்பக்கூடியவை. சாய்வா இறங்கினாலும் சக்கரம் ஓடுற திசைக்குத் திரும்பிக்கும். 1940களின் கடைசியில் குட்இயர் நிறுவனம் இதே யோசனையை மறுபடி எடுத்து, டிசி-3 விமானத்தில் வரைக்கும் சோதிச்சது. நல்ல யோசனை. பரவலா நிலைக்கலை.)

விமானம் கனக்க ஆரம்பிச்சதும் புல்வெளி தாங்கலை. மழையில் சேறு. கான்கிரீட் வந்தது. கான்கிரீட் வந்ததும் திசை வந்தது, ஏன்னா புல்வெளி முழுக்கவா கான்கிரீட் போட முடியும்? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கட்டின குண்டுவீச்சு விமான தளங்களை மேலேயிருந்து பார்த்தா ஆங்கில ‘ஏ’ எழுத்து மாதிரி தெரியும். 60 டிகிரிக்கு ஒன்றா மூணு ரன்வே. அதிகமா அடிக்கிற காற்றுக்கு நேரா நீளமானது ஒண்ணு, மற்ற காற்றுகளுக்கு இரண்டு. லண்டன் ஹீத்ரோவில் இதே யோசனையை இன்னும் பெருசாக்கி, ஆறு ரன்வேயை நட்சத்திர வடிவத்தில் போட்டாங்க. எந்தப் பக்கம் அடிச்சாலும் சமாளிக்கலாம்.

இப்போ ஹீத்ரோவில் எத்தனை? ரெண்டு. ரெண்டும் இணையா, கிழக்கு மேற்கா.

இடையில் என்ன ஆச்சுன்னா, விமானத்தோட சக்கரம் மாறினது. டிசி-3 மாதிரி பழைய விமானங்களில் முன்னாடி ரெண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு சின்னச் சக்கரம். எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னாடி இருக்கும். சூப்பர் மார்க்கெட் டிராலியைத் திருப்பிப் பிடிச்சு, சுழலாத சக்கரம் முன்னாடி இருக்கிற மாதிரி தள்ளிப் பாருங்க. கொஞ்சம் கோணினாலும் பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வரப் பார்க்கும். பக்கக் காற்றில் அந்த விமானங்கள் அப்படித்தான் தரையிலேயே சுழலும். மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம், நடுவில் ரெண்டு என்ற ஏற்பாடு வந்ததும் எடை முன்னே போச்சு, விமானம் தானாகவே நேரா ஓட ஆசைப்பட்டது. பக்கக் காற்றைத் தாங்கும் சக்தி கூடினது. அப்புறம் ஜெட் வந்தது. அதுக்கு மூணு கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர் ரன்வே வேணும். அந்த நீளத்தில் ஆறு திசைக்கு யார் போடுவா, நிலம் எங்கே? இணையா ரெண்டு போட்டா ஒரே நேரத்தில் இரண்டு மடங்கு விமானத்தை விடலாம். கணக்கு சரியா வந்தது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை இப்படிச் சொல்லுது: ஒரு விமான நிலையத்தின் ரன்வேக்களை, அங்கே வரும் விமானங்கள் பக்கக் காற்றால் தடைபடாமல் 95 சதவீத நேரமாவது இறங்கி ஏறும்படி அமைக்கணும். நீளமான ரன்வே தேவைப்படுற விமானங்களுக்கு இந்தக் கணக்கில் பக்கக் காற்று 20 நாட், 1,200 மீட்டருக்கும் குறைவா போதும்ங்கிற சின்ன விமானங்களுக்கு 10 நாட். நியாயமான விதி. ஆனா மீதி 5 சதவீதத்தை வருஷத்தில் போட்டுப் பாருங்க, 18 நாள் வரும். அந்த 18 நாளில் காற்றுப் பக்கம் திரும்ப முடியாது. காற்றைச் சமாளிக்கிற வேலை நிலத்திலிருந்து விமானியோட காலுக்கு மாறிடுச்சு.

காலுக்குன்னு சும்மா சொல்லலை. ஈசிஆரில் பைக் ஓட்டினவங்களுக்குப் புரியும். கட்டட வரிசை முடிஞ்சு திடீர்னு கடல் தெரியுற இடத்தில் பைக் ஒரு தள்ளு வாங்கும், உங்க கை தானா எதிர்ப்பக்கம் அழுத்தும். விமானத்துக்கு இன்னொரு தொல்லை, அதோட வால். பின்னாடி செங்குத்தா நிக்கிற அந்தப் பெரிய தகடு பக்கக் காற்றை வாங்கினதும் பின்பக்கம் தள்ளப்பட்டு, மூக்கு காற்று வர்ற திசைக்குத் திரும்பும். கூரை மேலே இருக்கிற காற்றுகாட்டிச் சேவல் திரும்புற மாதிரியேதான். இடதுலேருந்து காற்று வந்தா மூக்கு இடது போகும். அதைத் தடுக்க விமானி வலது காலால் மிதிக்கணும். அந்த மிதி வாலில் இருக்கிற ரடரைத் திருப்பும்.

டேக்-ஆஃபில் இது ஏன் சிக்கல்னா, ஓட்டம் தொடங்கும்போது வேகம் இல்லை, ரடர் மேலே ஓடுறதுக்குக் காற்றோட்டம் போதாது, அதனால் மூக்குச் சக்கரம்தான் திசையைப் பிடிச்சுக்கணும். வேகம் ஏற ஏற மூக்குச் சக்கரத்தோட பிடி தளரும், ரடருக்குப் பலம் வரும். நடுவில் ஒண்ணு கையைவிட்டு இன்னொண்ணு கையைப் பிடிக்கிற ஒரு நேரம் இருக்கு. சீரான காற்றா இருந்தா காலை ஒரு அளவில் வெச்சுக்கலாம். விட்டு விட்டு வீசுற காற்றுன்னா ஒவ்வொரு நொடியும் வேற அளவு.

சரி, இந்த விமானம் இவ்வளவு பக்கக் காற்றைத் தாங்கும்னு ஒரு எண் இருக்குமே? இங்கேதான் நான் கொஞ்சம் அதிர்ந்துட்டேன். கையேட்டில் இருக்கிற அந்த எண் பல விமானங்களுக்கு ‘எல்லை’ கிடையாது. ‘செய்து காட்டிய அளவு’. அமெரிக்கச் சான்றளிப்பு விதிப்படி பெரிய பயணிகள் விமானம் குறைந்தது 20 நாட் பக்கக் காற்றில் பாதுகாப்பா ஏறி இறங்கிக் காட்டணும். விமானத்தைப் பொறுத்து இந்தத் தேவை கூடலாம், ஆனா 25க்கு மேலே கேட்க மாட்டாங்க. அதுக்கு மேலே நிறுவனம் காட்டினா அது அவங்க சாமர்த்தியம். அதனால்தான் சோதனை விமானிகள் காற்றைத் தேடி அலைவாங்க. ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக்குக்கு ஏர்பஸ் ஏ380 போனது, போயிங் 787 போனது, எல்லாம் நல்ல பக்கக் காற்று கிடைக்குமான்னு பார்க்கத்தான். அன்னிக்குக் கிடைச்ச காற்றில் செஞ்சு காட்டினது எவ்வளவோ அது கையேட்டில் ஏறும். நாலு பேர் உட்காருற செஸ்னா 172இன் கையேட்டில் இருக்கிற 15 நாட்டும் அப்படி வந்ததுதான். 16 நாட்டில் அது கவிழ்ந்துடும்னு அர்த்தமில்லை. 16 நாட்டில் என்ன ஆகும்னு அந்தப் பக்கம் எதுவும் சொல்லலை, அவ்வளவுதான்.

அப்போ விமானிக்கு உண்மையில் கையில் இருக்கிறது ரெண்டு எண். ஒண்ணு, யாரோ ஒருத்தர் ஒரு நாள் செஞ்சு காட்டினதிலிருந்து வந்த அளவு. இன்னொண்ணு, டவர் சொல்ற இன்னிக்குக் காற்று. ரெண்டையும் ஒப்பிட்டுப் போகலாமா வேண்டாமான்னு முடிவெடுக்கணும்.

டென்வருக்குத் திரும்பலாம். இந்த ஊரோட கதையில் ஒரு பெரிய முரண் இருக்கு. காற்றை அளக்கிறதில் உலகத்துக்கே பாடம் எடுத்த ஊர் அது. 1975 ஜூன் 24இல் நியூயார்க் ஜேஎஃப்கேயில் இறங்க வந்த ஈஸ்டர்ன் 66 விமானம், இடிமழை மேகத்திலிருந்து கீழே கொட்டின காற்றில் சிக்கி விழுந்து 113 பேர் இறந்தாங்க. ஆறு வாரம் கழிச்சு டென்வரின் பழைய விமான நிலையமான ஸ்டேபிள்டனில் கிளம்பின கான்டினென்டல் 426, அதே மாதிரி காற்றில் சிக்கி விழுந்தது. அதில் இருந்த 134 பேரும் பிழைச்சாங்க. ஆமா, அதே கான்டினென்டல், அதே டென்வர். இந்த விபத்துகளுக்குப் பிறகுதான் விமான நிலையங்களைச் சுற்றிக் காற்று சென்சார்களை நட்டு, இங்கே ஒரு வேகம், அங்கே வேறொரு வேகம்னு திடீர் வித்தியாசம் வந்தா எச்சரிக்கிற அமைப்பு வந்தது. 1982இல் அந்தக் கீழ்நோக்கிக் கொட்டும் காற்றைப் பற்றிய பெரிய ஆய்வு நடந்ததும் ஸ்டேபிள்டனைச் சுற்றித்தான். 1995 பிப்ரவரியில் புது விமான நிலையம் திறந்தாங்க. பரந்த சமவெளியில், மேற்கே ராக்கி மலைத்தொடர் தெரியுற மாதிரி. அங்கே இந்த சென்சார்கள் மட்டும் 32.

அதாவது 2008 டிசம்பர் 20 சாயங்காலம், காற்றை இத்தனை கண்ணால் பார்த்துக்கிட்டு இருந்த விமான நிலையம் ரொம்பக் குறைவு.

அன்னிக்கு ராக்கி மலைத்தொடரைத் தாண்டி வந்த காற்று அலையா மாறியிருந்தது. ஆற்றில் பாறையைத் தாண்டின தண்ணி அந்தப் பக்கம் எழும்பி விழுந்து போகுமே, அது மாதிரி. மலை அலைன்னு சொல்வாங்க. அந்த அலை கீழே இறங்குற இடத்தில் தரையில் திட்டுத் திட்டா பலமான காற்று அடிக்கும். ஒரு இடத்தில் 27. கொஞ்ச தூரம் தள்ளி 40. அடுத்த நிமிஷம் இடம் மாறும்.

டவர் சொன்ன 27 பொய் இல்லை. ஒரு சென்சார் காட்டின உண்மையான எண். ஆனா விமானம் ஓடப்போற பாதைக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு சென்சார் அதே நேரத்தில் 35 நாட், வீச்சில் 40 நாட்னு காட்டிட்டு இருந்தது. தகவல் அமைப்புக்குள்ளே இருந்தது. அதை எடுத்து விமானிக்குச் சொல்லணும்னு எந்த விதியும் இல்லை, சொல்றதுக்கு வசதியா திரையும் அமைக்கலை. அந்த சென்சார் வலையைக் கட்டினதே வேற எதிரிக்காக. இரண்டு இடத்துக் காற்றுக்கு நடுவில் ஆபத்தான வித்தியாசம் இருக்கான்னு தேடறதுதான் அதோட வேலை. இந்த ரன்வேயில் பக்கக் காற்று 33ஐத் தாண்டுதான்னு அதுகிட்ட யாரும் கேட்டு வைக்கலை.

இதைப் படிச்சப்போ எனக்கு முதல் வேலை ஞாபகம் வந்துடுச்சு. நைட் ஆன்-கால். சர்வர் விழுந்து வாடிக்கையாளர் எல்லாம் திட்டின பிறகு லாகைத் திறந்து பார்த்தா, நாற்பது நிமிஷமா பிரச்சினை வரிவரியா எழுதியிருக்கு. அலர்ட் மட்டும் வேற ஒரு அளவுக்கு வெச்சிருந்தோம். மறுநாள் மீட்டிங்கில் முதல் கேள்வி, ‘ஆன்-கால்ல யாரு?’ நான்தான். ஆனா எங்க சர்வரில் 115 பேர் உட்கார்ந்திருக்கலை.

இன்னொரு விஷயம். அந்த விமான நிலையத்தில் அன்னிக்கு ஆறு ரன்வே இருந்தது. நாலு வடக்கு தெற்கு, ரெண்டு கிழக்கு மேற்கு. மேற்கேயிருந்து வர்ற காற்றுக்குக் கிட்டத்தட்ட நேரெதிரா ஓடக்கூடிய பாதை அங்கேயே இருந்தது. ரைட் சகோதரர்கள் தண்டவாளத்தைப் பிரிச்சு மறுபடி போடணும். இங்கே வேற ரன்வே வேணும்னு கேட்டாலே போதும். 35, 40ங்கிற எண் தெரிஞ்சிருந்தா கேப்டன் பெரும்பாலும் காத்திருந்திருப்பார், இல்லன்னா வேற ரன்வே கேட்டிருப்பார்னு விசாரணை செஞ்ச தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே சொல்லுது. 27ன்னு சொன்னதால் கேட்கத் தோணலை.

அதுக்காகக் கேப்டன் மேலே தப்பே இல்லைன்னு நான் சொல்லலை. 2010 ஜூலையில் வாரியம் சொன்ன முடிவில் முதல் வரி அவரைப் பற்றியதுதான். விமானம் ரன்வேயை விட்டு விலகுறதுக்குச் சுமார் 4 நொடி முன்னாடி அவர் வலது ரடரை அழுத்துறதை நிறுத்திட்டார். அந்த ரடருக்கு அன்றைய காற்றைச் சமாளிக்கிற சக்தி இருந்தது. விடாம அழுத்தியிருந்தா விமானம் பாதையில் நின்றிருக்கும். இதை வாரியம் தெளிவா எழுதியிருக்கு. நானும் அதை மறைக்க விரும்பலை.

ஆனா ஏன் காலை எடுத்தார்? அவர் வலது பக்கம் மிதிச்சார், மூக்கு இடது பக்கம்தான் போனது. இன்னும் மிதிச்சார், கொஞ்சம் திரும்பினது, அடுத்த வீச்சில் மறுபடி இடது. ரடர் வேலை செய்யலைன்னு அவருக்குத் தோணிடுச்சு. உடனே, தரையில் மெதுவா ஓட்டும்போது மூக்குச் சக்கரத்தைத் திருப்பப் பயன்படுத்துற கைப்பிடிக்குக் கையைக் கொண்டு போனார். அந்த வேகத்தில் அதனால் காப்பாத்த முடியலை. நாம போட்ட ஃபிக்ஸ் ஒர்க் ஆகலைன்னு நினைச்சு, அதை எடுத்துட்டு வேற ஒண்ணை முயற்சி பண்ணுவோமே, அந்த மாதிரி. உண்மையில் ஃபிக்ஸ் வேலை செஞ்சுட்டுதான் இருந்தது, எதிர்ப்பக்க விசை கூடிக்கிட்டே போனதால் வெளியே தெரியலை. நிதானமா யோசிக்க நமக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும். அவருக்கு நாலு நொடி.

அப்படி ஒரு காற்றை அவர் முன்னாடி உணர்ந்தே இல்லை. அவருடைய பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் மீறின காற்றுன்னு அறிக்கையே சொல்லுது. பயிற்சி சிமுலேட்டரில்தானே? அந்த சிமுலேட்டர்களில் பக்கக் காற்று இருந்தது, ஆனா நிஜக் காற்று மாதிரி வீசி, தணிஞ்சு, மறுபடி குத்துற வகையில் யாரும் அதை மாதிரியா எழுதி வைக்கலை. காலை ஒரு இடத்தில் வெச்சா போதும்னு பழக்கிடுற காற்று. இது ஒரு நிறுவனத்தோட குறை இல்லை, விமானத் துறை முழுக்கவே இப்படித்தான் இருந்ததுன்னு வாரியம் எழுதினது. காரணங்கள் பட்டியலில் கேப்டனோட கால், டவருக்கும் விமானிக்கும் போய்ச் சேராத காற்றுத் தகவல், சிமுலேட்டருக்குள்ளே இருந்த பொய்க் காற்று, மூணுமே இருக்கு.

செய்தியில் ‘விமானி தவறு’ன்னு ரெண்டு வார்த்தையில் முடிஞ்சுடும். எனக்கு அந்த முதல் வரி மேலே கோபமில்லை, அது உண்மை. ஆனா அந்த வரியில் மட்டும் நிறுத்தினா அடுத்த விமானிக்கும் அதே 27தான் போய்ச் சேரும். வாரியம் நிறுத்தலை. ரன்வேக்குப் பக்கத்தில் பதிவாகுற அதிகபட்சக் காற்றை விமானிக்குச் சொல்லணும், மலை அலை வர்ற விமான நிலையங்களை ஆராயணும், சிமுலேட்டருக்கு நிஜமான வீச்சுக் காற்றை அளந்து கொடுக்கணும், ஒவ்வொரு வகை விமானத்துக்கும் வீச்சையும் சேர்த்துக் கணக்கிட்ட பக்கக் காற்று எல்லை வகுக்கணும்னு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குப் பரிந்துரைச்சது. கடைசிப் பரிந்துரையை ரெண்டு தடவை படிச்சேன். ரைட் சகோதரர்கள் பறந்து நூறு வருஷத்துக்கு மேலே ஆன பிறகும், வீச்சைக் கணக்கில் சேர்க்கணுமா வேண்டாமாங்கிறதே கேட்டு வாங்க வேண்டிய விஷயமா இருந்திருக்கு.

அந்த 737 மறுபடி பறக்கலை.

இந்த எபிசோடுக்குத் தயார் பண்ணின பிறகு ஒரு பழக்கம் தொத்திக்கிட்டது. ஜன்னல் சீட் கிடைச்சா, விமானம் ரன்வேக்குத் திரும்பும்போது காற்றுப் பை எங்கேன்னு தேடறேன். ஆரஞ்சு நிறத்தில் எங்கேயாவது ஒரு ஓரத்தில் நிக்கும். போன தடவை அது ரன்வேக்குக் குறுக்கா விறைச்சு நின்னது. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர், ‘என்ன தம்பி, தெரிஞ்சவங்க யாராவது நிக்கிறாங்களா?’ன்னு கேட்டார். ஒண்ணுமில்லைங்க ஐயான்னு சொல்லிட்டு பெல்ட்டை இறுக்கிக்கிட்டேன்.

ஈஸ்டர்ன் 66ஐப் போற போக்கில் சொல்லிட்டுப் போயிட்டேன். அந்த விபத்திலிருந்து கீழே கொட்டும் காற்றைக் கண்டுபிடிச்ச டெட்சுயா ஃபுஜிட்டாவின் கதை தனி எபிசோடுக்கு உரியது. அடுத்த வாரம் அதுதான். சந்திப்போம்.